முட்டை அடுப்பும் என் கைராசியும்

என் கையெழுத்து கோழி கிளறிப் போட்டது போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ‘ர’ வருமா பெரிய ‘ற’ வருமா என்று இன்றைக்கும் குழம்புவேன். அப்படிக் குழம்பிய இடங்களில் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் பொருத்தமானதாக எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் புரை எடுத்த பிறகு அனலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டு நின்ற அன்று முதலாளி உங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, “புதுசா வந்துருக்க புள்ளைங்களுக்கு அடுப்பப் பத்தி நாலு வார்த்த சொல்லிட்டுப் போங்க மாஸ்டர்” என்றார். எனக்கு நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வராது. “கை சுட்டுறாம பாத்துக்கங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ் குளத்தூர் தாண்டும்போதுதான் சொல்ல வேண்டியது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

கரியை எப்படி அடுக்குவது, கறியை எப்படி ஊற வைப்பது என்பதெல்லாம் நீங்கள் பார்த்தே கற்றுக்கொள்வீர்கள். நான் எழுதுவது எனக்குப் புரியாமல் போன விஷயங்களை.

முதலாளி துபாயில் ஓட்டல் வேலை பார்த்தவர். அங்கே பார்த்த அடுப்பு ஒன்றை ஆசைப்பட்டு வரவழைத்தார். பீங்கானில் செய்த பெரிய முட்டை. நடுவில் பிளந்து மூடி போலத் திறக்கும். கீழே கரி, மேலே கம்பி வலை. அடியில் முன்பக்கம் காற்று போக ஒரு சின்னக் கதவு. உச்சியில் புகை வெளியேற ஒரு தொப்பி. மூடியின் நெற்றியில் கடிகாரம் போல ஒரு வட்டம், அதில் ஒரு முள். ஆட்டுத்தொடை வைத்தால் முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே முதலாளி பச்சைப் பெயின்ட்டில் பொட்டு வைத்தார். அதைத் தாண்டி ஒரு சிவப்புப் பொட்டு. அங்கே போனால் கறி கரியாகிவிடும். எங்களுக்கு அவ்வளவுதான் பாடம்.

அடுப்பை லாரியில் கொண்டுவந்து இறக்கிய ஆள், போகிற போக்கில் ஒன்று சொன்னார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. “கதவத் தொட்டீங்கன்னா ஒரு பீடி பிடிக்கிற நேரம் சும்மா நில்லுங்க. இது மெதுவாத்தான் சூடாகும். சூடாயிட்டா அத விட மெதுவாத்தான் எறங்கும். முள்ளு பின்னாடி ஓடாதீங்க.” நான் பீடி பிடிப்பதில்லை. இருந்தாலும் அந்த நேரத்தை மனதில் வைத்துக்கொண்டேன்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை எங்கள் பரோட்டா மாஸ்டரின் புருவம் சொல்லித் தந்தது. கதவையும் தொப்பியையும் இறுக்க அடைத்து வைத்திருந்த அடுப்பை, தீ அணைந்துவிட்டது என்று நினைத்து அவர் ஒரே மூச்சில் திறந்தார். உள்ளே மூச்சு முட்டிக் கிடந்த கரி, காற்றைக் கண்டதும் குப்பென்று தீயாய் வெளியே பாய்ந்தது. முகத்தில் வேறு சேதம் இல்லை. புருவம் மட்டும் போய்விட்டது. ஒரு மாதம் வரை அவர் எதைச் சொன்னாலும் ஆச்சரியப்பட்டுச் சொல்வது போலவே இருந்தது. அதனால் மூடியை முதலில் விரல் நுழையும் அளவுக்குத் தூக்குங்கள். கொஞ்சம் மூச்சு விடட்டும். பிறகு திறங்கள்.

இனி லூர்துமேரி விஷயத்துக்கு வருகிறேன். ஆவூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர். நீங்கள் இப்போது அக்கா என்று கூப்பிடுகிறீர்களே, அவர்தான். எங்கள் கடையில் பல வருடம் பாத்திரம் கழுவியவர். சோப்புத் தண்ணீரிலேயே கிடந்து விரலிடுக்கெல்லாம் புண். முட்டை அடுப்பு வந்தபோது சாயங்கால அடுப்புக்கு ஆள் தேவைப்பட்டது. பொறுமையாக நிற்க யாரும் இல்லை. லூர்து, “நான் நிக்கிறேங்க” என்று கேட்டு வாங்கினார். காலை அடுப்பு என்னுடையது, சாயங்காலம் லூர்துவுடையது. தை மாதத்திலிருந்து சித்திரை வரை ஒரு குறையும் இல்லை. லூர்துவின் விரல்களும் ஆறிவிட்டன.

அந்த வருடம் வைகாசி கடைசியில் கோளாறு ஆரம்பித்தது. காலையில் நான் வைக்கும் தொடை பஞ்சு போல வந்தது. சாயங்காலம் லூர்து வைப்பது மேலே கருகி, எலும்போரம் சிவப்பாக வந்தது. அதே கரி, அதே கறி, கதவில் அதே இடுக்கு. கதவு எங்கே நிற்க வேண்டும் என்று நான் ஆணியால் கீறி வைத்திருந்தேன். அவரும் அந்தக் கீறலில்தான் வைத்தார். சாப்பிட வந்தவர்கள் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள்.

முதலாளிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. சமையல்கட்டில் எல்லாருக்கும் ஒரே ஒரு பதில் கிடைத்தது: மாஸ்டருக்குக் கைராசி இருக்கிறது, லூர்துவுக்கு இல்லை.

ராசி என்று வந்துவிட்டால் அதற்கு வைத்தியமும் ராசிதானே. சாயங்கால அடுப்பையும் நானே பற்ற வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று முதலாளி சொன்னார். என் பஸ்ஸை விட்டுவிட்டு தினமும் பற்ற வைத்தேன். அப்படியும் கருகியது. மாஸ்டர் படி இறங்கியதும் ராசியும் கூடவே இறங்கிவிடுகிறது என்று பரோட்டா மாஸ்டர் விளக்கம் சொன்னார்.

லூர்து என்னிடம், “அண்ணே, நீங்க இருக்க மட்டும் பச்சப்புள்ள மாதிரி இருக்கு. நீங்க அங்கிட்டுப் போனதும் என்னையப் பாத்து சாமி ஆடுது” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுப்பு மூட்டும் முன் சிலுவை போட்டுக்கொள்வதை நான் பார்த்தேன். சித்திரையில் போட்டதில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என்னிடம் அப்படி ஒன்று இருப்பதாக அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. இருக்குமோ என்று என் கையையே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

ஆனி பிறந்து கொஞ்ச நாளில் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு குடும்பம் சொல்லி அனுப்பியது. மகன் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார், வேனில் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் எல்லாரும் நம் கடையில் சாப்பிட்டுப் போவார்கள். நம் கடைக்கு இது வழக்கமான கூட்டம்தான், உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கறியையும் கொடுத்து அனுப்பினார்கள். அந்த அம்மா வீட்டில் வளர்த்த கிடா. அன்று காலையில் அறுத்து, பின்தொடை இரண்டையும் மீன் போடும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அனுப்பியிருந்தார்கள். கருகிப் போனால் வேறு தொடை வாங்கி வைக்கிற காரியம் இல்லை.

முதலாளி லூர்துவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். “மாஸ்டர், இன்னைக்கு சாயங்காலம் நீங்களே நில்லுங்க. லூர்து வெங்காயம் உரிக்கட்டும். நாளையிலேருந்து பழையபடி பாத்திரத்துக்கே போகட்டும். அதுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

லூர்து தாம்பாளத்தையும் சின்ன வெங்காயத்தையும் எடுத்துக்கொண்டு, கொட்டகையின் மேற்கு ஓரத்தில், திறந்த பக்கமாகப் போய் உட்கார்ந்தார். உரிக்கும் முன் ஒரு தடவை தன் விரலிடுக்கைப் பார்த்துக்கொண்டார்.

மத்தியானம் தாண்டி அடுப்பு மூட்டினேன். முள் பச்சைப் பொட்டில் வந்து நின்றது. இரண்டு தொடையையும் வைத்து மூடினேன். பரோட்டா மாஸ்டர், “பாத்தீங்களா, கை பட்டதும் நிக்குது” என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, முள் நகர்ந்தது.

கதவைக் கொஞ்சம் சாத்தினேன். முள் கேட்கவில்லை. இன்னும் சாத்தினேன். லாரிக்காரர் சொன்ன பீடி நேரம் ஞாபகத்தில் இருந்தது, ஆனால் நிற்க முடியவில்லை. கிட்டத்தட்ட முழுவதும் சாத்தினேன். தொப்பி வழியாக வெள்ளைப் புகை வந்தது, கண்ணை எரிக்கிற கெட்ட புகை. அது கறியில் ஏறினால் வாயில் வைக்க முடியாமல் கசக்கும். பயந்து கதவைத் திறந்தேன். முள் பச்சையைத் தாண்டி சிவப்பை நோக்கிப் போனது. ஆணிக் கீறலில் வைத்தேன். காலையில் அதே கீறலில் அசையாமல் நின்ற முள் இப்போது ஏறிக்கொண்டே இருந்தது. தினமும் நான் தொடுகிற அடுப்புதான். யாரோ வேறு அடுப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டது போல இருந்தது.

“என்னண்ணே, ராசிக்காரவுக கையிலயும் ஆடுதா?” என்று லூர்து அங்கிருந்தபடியே கேட்டார்.

உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க மூடியின் பிடியில் கை வைத்தேன்.

“தெறக்காதீங்க. நீங்க பாக்கறதுக்குத் தெறப்பீங்க, உள்ள போற காத்துதான் அதுக்குச் சோறு. இன்னும் எந்திரிச்சு ஆடும். நான் தெறந்து தெறந்துதான் கெட்டேன்.”

வெங்காயத்தை வைத்துவிட்டு வந்தார். கீழ்க் கதவுக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடுக்கு வழியாகக் கரியின் நிறத்தைப் பார்த்தார். “ஊதுன மாதிரி வெள்ளையா கனியுதுண்ணே. ஊதுனீங்களா?”

“இல்லையே.”

கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே முள்ளைப் பார்த்தேன். மயிரிழை மயிரிழையாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது. லூர்து எழுந்து வெங்காயத்துக்குப் போனார். முள் ஏறியது. கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். இறங்கியது. எழுந்தார். ஏறியது.

பரோட்டா மாஸ்டர் கல்லை விட்டு வந்து பார்த்தார். “அடிச் சண்டாளி. இத்தன நாளு ஒன்னையப் பாத்து ஆடுச்சு, இப்ப ஒன்னையப் பாத்து அடங்குது. எனக்கு ஒரு கருமமும் வெளங்கல.”

எனக்கும் விளங்கவில்லை. ராசி அவருக்கு மாறிவிட்டதா என்றுகூட நினைத்தேன். மெய்யாகவே நினைத்தேன், சிரிக்காதீர்கள். பிறகு ஒரு யோசனை வந்தது. லூர்துவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அதே இடத்தில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். லூர்து முள்ளைப் பார்த்துச் சொன்னார்: “எறங்குதுண்ணே. ஒங்களுக்கும் எறங்குது.”

அப்படியானால் இது லூர்துவும் இல்லை, நானும் இல்லை. எதுவென்று தெரியாமல் எழுந்து நின்றேன்.

அந்த நேரம் தாம்பாளத்திலிருந்த வெங்காயத் தோல் கிளம்பியது. மேற்கு ஓரத்திலிருந்து தரையோடு தரையாக உருண்டு வந்தது. பாதித் தோல் என் காலில் ஒட்டியது. மீதி நேராக அடுப்பின் கதவுக்குப் போய், இடுக்கில் நுழைந்து, உள்ளே பளிச்சென்று எரிந்தது. மூவரும் அதைப் பார்த்தோம்.

“மேகாத்து” என்றார் லூர்து.

அடுப்பு அக்னி மூலையில் இருக்க வேண்டும், சமைக்கிறவர் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும் என்பது முதலாளி வீட்டம்மாவின் கண்டிப்பு. அப்படித்தான் வைத்தோம். நாங்கள் கிழக்குப் பார்த்து நின்றால் அடுப்பு எங்களைப் பார்த்து நிற்கும், அதாவது மேற்குப் பார்த்து வாயைத் திறந்து வைத்திருக்கும். இது இப்போது எழுதும்போது சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற விஷயமாக இருக்கிறது. மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று தையில் இல்லை. ஆனியில் உண்டு. ஆனியிலும் காலையில் இல்லை, வெயில் ஏறிய பிறகுதான் வீசத் தொடங்கும். நான் கதவைக் கீறலில் வைத்துவிட்டுக் காற்றை அளந்து விட்டதாக நினைத்தேன். அதற்குள் மேற்கே இருக்கிற பொட்டல் முழுவதும் வந்து ஊதிக்கொண்டிருந்தது.

லூர்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அடுப்புக் கதவுக்கு முன்னால், காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சேலையை இரண்டு பக்கமும் விரித்து முழங்காலுக்கடியில் செருகிக்கொண்டார். முன்னே அடுப்பின் அனல், பின்னே புழுதி. “நீங்க முள்ளப் பாத்துச் சொல்லுங்க. நான் எந்திரிக்க மாட்டேன்.” தகரம் ஒன்றை வைத்து மறைக்கப் பார்த்தோம். காற்றில் அது அடுப்பின் மேலேயே விழுந்து மூடியை விரிசலாக்கப் பார்த்தது. தூக்கி எறிந்துவிட்டோம்.

முள் பச்சைப் பொட்டுக்கு வர நெடுநேரம் பிடித்தது. பீங்கான் வாங்கிய சூட்டைச் சீக்கிரம் விடாது. இந்த முறை நான் கதவைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. முதலாளி உள்ளே வந்தார். நான் நிற்கிறேன். லூர்து உட்கார்ந்திருக்கிறார். வெங்காயம் பாதிதான் உரித்திருக்கிறது.

“என்ன லூர்து, குளுருதா? அடுப்புக்கிட்ட ஒக்காந்து கதை பேசிக்கிட்டு இருக்க. மனுசரு வந்து எறங்கிட்டாங்க. எந்திரி, எலை போடு.”

லூர்து என்னைப் பார்த்தார். எழுந்திருப்பதற்குக் கையை முழங்காலில் ஊன்றினார்.

என் வாழ்க்கையில் முதலாளி என்று யார் இருந்தாலும் அவர் சொன்னதற்குச் ‘சரிங்க’ என்பதைத் தவிர நான் வேறு சொன்னதில்லை. அன்று, “எந்திரிக்க வேணாம்” என்றேன். சத்தமாக வந்துவிட்டது.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்ன மாஸ்டர்?”

“அது எந்திரிச்சா கறி கருகிருங்க.”

“அது எந்திரிச்சா கறி எதுக்குக் கருகுது?”

எனக்கு விளக்கத் தெரியவில்லை. மேற்கு, கிழக்கு, வெங்காயத் தோல் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் முகத்தில் பரோட்டா மாஸ்டருக்குப் புருவம் போனபோது இருந்த அதே ஆச்சரியம். முள்ளைப் பார்த்தார், பச்சையில் நின்றது. லூர்துவின் முதுகைப் பார்த்தார். ஜாக்கெட் முழுவதும் செம்மண். காதோரம், கொண்டை எல்லாம் மண்.

“எலைய வேற ஆளப் போடச் சொல்லுங்க” என்றேன். “இதுக்கு வேற ஆள் இல்ல.”

அவர் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் அவரே இலை போடுகிற சத்தம் கேட்டது.

தொடைகளை எடுத்தோம். ஒரு தொடையின் ஓரம் கருத்திருந்தது, முதலில் முள் ஓடியபோது பட்டது. மற்றபடி எலும்பு தானாகவே கழன்று வந்தது. தட்டைக் கொண்டு போனபோது அந்த அம்மா கருத்த ஓரத்தைக் கையால் கிள்ளித் தன் இலையில் வைத்துக்கொண்டு, நல்ல பக்கத்தை மகனுக்குத் தள்ளினார். அந்தத் தம்பி இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். வெளிநாடு போகிறவர் சாப்பிடும்போது யாரும் அதிகம் பேசுவதில்லை.

கை கழுவ வந்த அவர்கள் வீட்டுப் பெரியவர் என் கையைப் பிடித்து, “நல்ல கைப்பக்குவம்ங்க ஒங்களுக்கு” என்றார்.

“நான் இல்லைங்க” என்றேன். “அந்தா, வாளியில ஒக்காந்திருக்குல்ல, அதுங்க.” முதலாளி பக்கத்தில்தான் நின்றார். பெரியவர் நான் அடக்கமாகப் பேசுவதாக நினைத்துச் சிரித்தார். நான் இன்னொரு முறை சொன்னேன். பிறகுதான் எட்டிப் பார்த்தார்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுப்பைத் திருப்பி வைக்க முதலாளி வீட்டம்மா சம்மதிக்கவில்லை. அதனால் மேற்கே இடுப்பளவு ஒரு செங்கல் சுவர் வந்தது, நீங்கள் அதன் மேல் தண்ணீர் பாட்டில் வைக்கிறீர்களே, அதுதான். சுவர் வந்த பிறகும் சில நாள் முள் தன் இஷ்டத்துக்குப் போகும். மழைக்கு முன்னால் ஒரு மாதிரி, கரி ஈரமாக இருந்தால் ஒரு மாதிரி. எனக்கு முழுவதும் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கறி கருகினால் முதலில் அடுப்பைச் சுற்றிப் பாருங்கள், காலையில் இல்லாதது சாயங்காலம் என்ன வந்திருக்கிறது என்று. கையைக் குறை சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும். என் கைக்கு ராசி இருந்ததா, இல்லை காலையில் காற்று இல்லாததுதான் ராசியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதன் பிறகு யாரும் என்னை அடுப்புப் பற்ற வைக்கக் கூப்பிடவில்லை. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

அன்றைக்கு வேன் கிளம்பிப் போன பிறகு நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். லூர்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். காதுக்குள் போன மண்ணை முந்தானை நுனியால் எடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி வந்து நின்றார். மறுநாளைக்கு எத்தனை தொடை வாங்கச் சொல்ல வேண்டும் என்று தினமும் அந்த நேரத்தில் கறிக்கடைக்கு போன் போடுவார். காலைக்கும் சாயங்காலத்துக்கும் சேர்த்து என்னிடம்தான் கேட்பார். லூர்துவிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் பதில் சொல்லத் தயாராகப் பக்கத்தில் போனேன்.

அவர் என்னைத் தாண்டிப் பார்த்தார்.

“லூர்து, நாளைக்கு சாயங்காலத்துக்கு எத்தன சொல்லட்டும்?”

லூர்து குழாயை மூடினார். முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட மேற்குப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். முதலாளி போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“காத்தப் பாத்துட்டு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்றேங்க” என்றார். “கடைக்காரர இருக்கச் சொல்லுங்க.”

முதலாளி போனில் அப்படியே சொன்னார்.

இந்த வருடம் ஆனி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை காலையில் எழுதி முடித்தேன்.